ஃபிஷரின் பைப்பும் விழுப்புரத்துப் பீடியும்

மெஷின் லேர்னிங் கத்துக்கறேன்னு கிளம்பின யாரும் தப்பிக்க முடியாத ஒரு பூ இருக்கு. ஐரிஸ். மூணு வகை, வகைக்கு 50, ஆக மொத்தம் 150 பூ. ஒவ்வொண்ணுக்கும் நாலு அளவு. அளவை மட்டும் பார்த்து எது எந்த வகைன்னு கம்ப்யூட்டரைச் சொல்ல வைக்கணும். பொட்டி தட்டுற ஜனங்களுக்கு இதுதான் அரிச்சுவடி. பூக்களை அளந்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியல்காரர். ஆனால் 1936-ல் அதை வெச்சு ஒரு கட்டுரை எழுதி உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தவர் ரொனால்ட் ஃபிஷர்.

இந்த ஃபிஷர் சாதாரண ஆளில்லை மக்களே. 1919-ல் இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு வேலைக்குப் போனார். எந்த உரம் போட்டா எந்த வயல்ல எவ்வளவு விளையுதுன்னு அங்கே பல வருஷத்துக் கணக்கு மலையா கிடந்துச்சு. அதைக் கிளறப் போய் இன்னிக்கு நாம படிக்கற புள்ளியியலில் பாதியை உண்டாக்கிட்டு வந்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம்னு நம்ம இஷ்டத்துக்கு முடிவு பண்ணக்கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடணும்னு அடிச்சுச் சொன்னவர் அவர்தான். நம்ம ஆபீஸ்ல பட்டன் பச்சையா இருக்கணுமா நீலமா இருக்கணுமான்னு பாதிப் பேருக்கு ஒண்ணு, பாதிப் பேருக்கு இன்னொண்ணுன்னு காட்டிப் பார்க்கறோமே, அந்த ஏ/பி டெஸ்ட்டுக்கு மூலப்பிள்ளையார் சுழி போட்டது இந்த மனுஷன்.

இந்தப் பதிவு அவர் கடைசிக் காலத்தில் போட்ட ஒரு சண்டையைப் பத்தி. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க. ஃபிஷர் அதை ஒத்துக்கவே இல்லை.

"அட, கம்பெனிக்காரன் கிட்ட காசு வாங்கியிருப்பார்"னு உடனே தோணும். வாங்கினார், அதை மறைக்கவும் இல்லை. பிரிட்டிஷ் புகையிலை உற்பத்தியாளர்கள் வெச்சிருந்த குழுவுக்கு அவர் ஆலோசகர். கையில் எப்பவும் பைப் வேற. ஆனா இதோட கதையை முடிச்சுட்டா சுவாரசியமான பகுதி போயிடும். ஏன்னா ஃபிஷர் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். இன்னிக்கும் ஒரு டேட்டாவைக் கொண்டுபோய்க் காட்டினா டீம்ல யாராவது ஒருத்தர் டீக்கப்பைக் கீழே வெச்சுட்டு அதே கேள்வியைக் கேட்பார்: "ரெண்டும் சேர்ந்து நடக்குது, சரி. ஆனா இதனாலதான் அதுன்னு எப்படிச் சொல்ற?"

சரி, முதல்ல இருந்து வருவோம்.

இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டும் சேர்த்து 1922-ல் நுரையீரல் புற்றுநோயால் செத்தவங்கன்னு பதிவானது 612 பேர். 1947-ல் அதே கணக்கு 9,287. இருபத்தஞ்சு வருஷத்துல பதினஞ்சு மடங்கு. எக்ஸ்ரே வந்துடுச்சு, முன்னே தெரியாம போனதெல்லாம் இப்போ தெரியுதுன்னு சிலர் சொன்னாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனா பதினஞ்சு மடங்குக்கு அது பதிலாகாது. அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதைப் பார்க்கச் சொல்லி ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லைக் கேட்டுக்கிட்டது. அவர் ரிச்சர்ட் டால் என்ற டாக்டரைச் சேர்த்துக்கிட்டார்.

ஹில் டாக்டர் இல்லை. முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்தப்ப காசநோய் வந்து படுத்துட்டார். மருத்துவம் படிக்கணும்ங்கற ஆசை போச்சு. படுக்கையில் இருந்தபடியே தபால் வழியில் பொருளாதாரப் பட்டம் வாங்கினவர். அப்புறம் ஃபிஷரோட சீட்டுக் குலுக்கல் யோசனையை வயலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான்: 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. தன்னைப் படுக்கையில் போட்ட அதே காசத்துக்கு மருந்து வேலை செய்யுதான்னு பார்த்த ஆய்வு அது. (காசம் இந்தப் பதிவுல இன்னொரு தடவை வரும், ஞாபகம் வெச்சுக்கங்க.)

டாலுக்கு ஆரம்பத்தில் சிகரெட் மேல பெரிய சந்தேகம் இல்லை. அவரே புகைக்கறவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆம்பிளைகளில் பெரும்பாலானவங்க புகைச்சாங்க. எல்லாரும் செய்யற ஒரு விஷயம் கண்ணுக்கே தெரியாது இல்லையா? அவர் சந்தேகப்பட்டது புதுசாப் பெருகின மோட்டார் கார்களையும் ரோட்டுல போடற தாரையும்.

அவங்க செஞ்சது சுத்தமான வேலை. லண்டனில் 20 ஆஸ்பத்திரிகள். நுரையீரல் புற்றுநோய்னு ஒருத்தர் சேர்ந்தா, அதே ஆஸ்பத்திரியில் வேற நோய்க்காகப் படுத்திருக்கற, அதே பாலின, ஏறக்குறைய அதே வயசு ஆள் ஒருத்தர். ரெண்டு பேர்கிட்டயும் அதே கேள்விகள். 1950 செப்டம்பர் 30 அன்னிக்கு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முதல் முடிவு வந்தது. இந்தப் பக்கம் 709 பேர், அந்தப் பக்கம் 709 பேர். ஆண்களை மட்டும் எடுத்துக்கிட்டா ரெண்டு பக்கமும் 649. புற்றுநோய் வந்த 649 பேரில் புகைக்காதவங்க ரெண்டே ரெண்டு பேர். மற்ற 649-ல் 27. ஒரு நாளைக்கு 25 சிகரெட்டோ அதுக்கு மேலயோ குடிக்கறவங்க முதல் பக்கம் 26 சதவீதம், ரெண்டாவது பக்கம் 13.5 சதவீதம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுக்கு அடுத்தது. கேள்வி கேட்கறவங்களுக்கு யார் புற்றுநோய்க்காரர்னு தெரியும். அதனால அவங்க கிட்ட மட்டும் தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கலாமே? நோயாளியும், நமக்கு ஏன் வந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சு, குடிச்சதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாமே? இதைச் சோதிக்க டாலும் ஹில்லும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நுரையீரல் புற்றுநோய்னு முதல்ல நம்பி, கேள்வியெல்லாம் கேட்டு முடிச்ச பிறகு, அது வேற ஏதோ நோய்னு தெரியவந்த ஒரு கூட்டம் இருந்தது. கேள்வி கேட்டவர் சாய்வா கேட்டிருந்தா இந்தக் கூட்டத்தோட கணக்கும் புற்றுநோய்க்காரங்க கணக்கு மாதிரி உப்பியிருக்கணும். உப்பவில்லை, மற்ற நோயாளிகளோட கணக்கோடதான் ஒத்துப்போச்சு. சோதனையை நாம எழுதாமலே தானா வந்து மாட்டின டெஸ்ட் கேஸ்! இதைப் படிச்சப்ப உட்கார்ந்த இடத்திலேயே கை தட்டினேன்.

ஆய்வு நடந்துக்கிட்டிருக்கும்போதே டால் சிகரெட்டை விட்டுட்டார். 37 வயசு. அப்புறம் 92 வயசு வரை இருந்தார்.

இவங்களுக்குச் சில மாசம் முன்னாடி, அதே 1950-ல், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவரும் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை நிபுணரும் இதே மாதிரி ஒரு முடிவை வெளியிட்டிருந்தாங்க. கிரஹாம் 1933-ல் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலையே எடுத்து, ஆளைப் பிழைக்க வெச்ச கைராசிக்காரர். அவரும் ஐம்பது வருஷமா புகைச்சவர்தான். முடிவைப் பார்த்து நிறுத்தினார். ஆனா 1957-ல் நுரையீரல் புற்றுநோயிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் நுரையீரலை எடுத்த அந்த நோயாளி அப்போ உயிரோட இருந்தார்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். இதையெல்லாம் முதல்ல பார்த்தவங்க இங்கிலீஷ்காரங்களும் அமெரிக்காக்காரங்களும்னு நினைச்சுடாதீங்க. 1939-ல் ஃப்ரான்ஸ் ம்யுல்லர், 1943-ல் ஷைரர், ஷோனிகர்னு ஜெர்மனியில் இதே முறையில் செஞ்சிருந்தாங்க. நாஜி காலம். போர் முடிஞ்சப்ப யாரும் அந்தக் காகிதங்களைத் திரும்பிப் பார்க்கலை.

திரும்ப டால், ஹில்லுக்கு வருவோம். நோயாளியைப் பிடிச்சு, "முன்னே என்ன குடிச்சே"ன்னு கேட்கறதில் எப்பவும் ஒரு ஓட்டை இருக்கும். பதிலா முன்னோக்கிப் போனா என்ன? இப்போ நல்லா இருக்கறவங்களைக் கேட்டு எழுதி வெச்சுக்கிட்டு, யார் எப்படிச் சாகறாங்கன்னு காத்திருக்கணும். யாரைக் கேட்கறது? ஹில் டாக்டர்களைப் பிடிச்சார். டாக்டர்னா மருத்துவப் பதிவேட்டில் பேர் இருக்கும், தொலைஞ்சு போக மாட்டாங்க. செத்தாலும் காரணம் ஒழுங்கா எழுதியிருக்கும். 1951 அக்டோபர் கடைசியில் 59,600 டாக்டர்களுக்குக் கடிதம் போச்சு. கேள்விகள் கொஞ்சம்தான், ஒரே ஒரு தாள். நாற்பதாயிரத்துக்கும் மேல பதில் வந்தது.

ரெண்டரை வருஷத்துலயே, 1954-ல், முதல் அறிக்கை. 35 வயசுக்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களில் 789 சாவு, அதில் நுரையீரல் புற்றுநோய் 36. புகைக்காதவங்களில் ஆயிரத்துக்குப் பூஜ்யம். நாளைக்கு ஒரு கிராம் புகையிலைக்கு மேல போனா 0.48, பதினஞ்சு கிராமுக்கு மேல 0.67, இருபத்தஞ்சைத் தாண்டினா 1.14. படிக்கட்டு மாதிரி ஏறுது. முப்பத்தாறு சாவுதான், சின்ன எண்ணிக்கை. ஆனா திசை பிசகலை.

அதே வருஷம் பிப்ரவரி 12 அன்னிக்கு பிரிட்டன் சுகாதார அமைச்சர் இயான் மெக்லியோட் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, சம்பந்தம் இருக்கறதா ஏத்துக்கலாம்னு அரசு தரப்பில் சொன்னார். அந்த சந்திப்பு முழுக்க அவர் ஒண்ணு மாத்தி ஒண்ணா சிகரெட் பத்த வெச்சுக்கிட்டே இருந்தாராம். வடிவேலு காமெடி மாதிரி இருக்கு, ஆனா நடந்தது. புகையிலைக் கம்பெனிகள் ஆராய்ச்சிக்குன்னு 2,50,000 பவுண்டு கொடுக்கறதா அன்னிக்கே அறிவிப்பு. புகையிலை வரி அரசுக் கஜானாவுக்குப் பெரிய வரவு என்பதையும் சேர்த்துப் படிச்சுக்கங்க.

அமெரிக்கக் கம்பெனிகள் இன்னும் கெட்டி. 1953 டிசம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் முதலாளிகள் கூடினாங்க. ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர ஆலோசனை நிறுவனத்தை வேலைக்கு வெச்சாங்க. 1954 ஜனவரி 4-ம் தேதி நாடு முழுக்க நானூத்துக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரு முழுப்பக்க அறிக்கை. மக்கள் உடம்புதான் எங்களுக்கு முக்கியம், இன்னும் எதுவும் நிரூபணமாகலை, நாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தர்றோம் என்பதுதான் சாரம். அறிவியல் தப்புன்னு சொல்லவேண்டிய அவசியமே அவங்களுக்கு இல்லை. "இன்னும் முடிவாகலை"ன்னு சொன்னாப் போதும். அடுத்த நாப்பது வருஷம் அந்த ஒரே வாக்கியத்தை வெச்சே ஓட்டினாங்க.

இந்தச் சமயத்துலதான் நம்ம ஃபிஷர் வர்றார். 1957-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு தலையங்கம் எழுதிச்சு: விஷயம் தெளிவாயிடுச்சு, ஜனங்களுக்கு எல்லா வழியிலும் இதைக் கொண்டு சேர்க்கணும்னு. ஃபிஷருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிடுச்சு. ஊர்ல எல்லாரையும் பயமுறுத்தறதுக்கு முன்னாடி ஆதாரம் சரியான்னு பார்த்தீங்களான்னு கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் நேச்சர் பத்திரிகையிலும் தொடர்ந்தார், 1959-ல் எல்லாத்தையும் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாவே போட்டார்.

அவர் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, சிகரெட்டுனால புற்றுநோய்னு சொல்றீங்களே, புற்றுநோயினால சிகரெட்டுன்னு ஏன் இருக்கக்கூடாது? நோய் முத்தறதுக்கு முன்னாடி நெஞ்சுல ஏதோ அரிப்பு இருந்து, அதுக்கு ஆறுதலா ஆள் புகைக்கலாம் இல்லையா? (இதை அவரே ரொம்ப நம்பினாரான்னு எனக்கு சந்தேகம்தான்.) ரெண்டு, 1950 அட்டவணையிலேயே ஒரு இடறல் இருக்கு. புகையை உள்ளே இழுப்பீங்களான்னு கேட்டதுக்கு, புற்றுநோய்க்காரங்களில் "ஆமா" சொன்னவங்க மற்ற நோயாளிகளைவிடக் கொஞ்சம் குறைவு. அப்போ உள்ளே இழுத்தா நல்லதுன்னு அறிவிச்சுடலாமான்னு கிண்டலடிச்சார். இது நிஜமாவே வலிக்கற இடம். 1959-ல் ஹாமண்ட் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து லட்சம் பேரைச் சேர்த்து ஆரம்பிச்ச பெரிய ஆய்வுதான் இதைத் தெளிவாக்கிச்சு: ஆழமா இழுக்கறவங்களுக்கு ஆபத்து அதிகம்தான்.

மூணாவதுதான் பிரம்மாஸ்திரம். மரபணு. ஒருத்தரைப் புகைக்கத் தூண்டற மரபுக் குணமும் புற்றுநோய் வரவைக்கிற மரபுக் குணமும் ஒண்ணா இருந்தா? அப்போ சிகரெட் பாவம், பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த குத்தத்துக்கு மாட்டிக்கிச்சு. ஒரே கரு இரட்டையர்கள் புகைக்கற விஷயத்தில் ஒத்துப்போறாங்கன்னு ஜெர்மனியிலிருந்து வந்த கணக்கையும் காட்டினார். மரபியல் அவருக்குச் சொந்த வீடு. ஐரிஸ் கட்டுரை வந்த பத்திரிகையோட பேரே 'அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்'. நல்ல பிறவி, கெட்ட பிறவின்னு மனுஷங்களைப் பிரிச்ச கூட்டத்தில் அவர் ஆயுசு பூரா இருந்தார். கையில் சுத்தியல் இருக்கறவனுக்கு எல்லாம் ஆணியாத் தெரியும்னு சொல்வாங்களே, அவர் கையில் இருந்தது மரபணு.

இதுக்கு எப்படிப் பதில் சொல்றது? பாதிப் பேருக்கு சீட்டுக் குலுக்கி, "நீங்க முப்பது வருஷம் சிகரெட் குடிங்க"ன்னு சொல்ல முடியுமா? ஃபிஷரோட முறைப்படி அதுதான் நிரூபணம். மனுஷங்க விஷயத்தில் அது முடியாது.

பதில் வந்தது ஜெரோம் கார்ன்ஃபீல்டு கிட்டேயிருந்து. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காலேஜில் படிச்சது வரலாறு! 1959-ல் அவரும் இன்னும் அஞ்சு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரையில் ஒரு சின்னக் கணக்கு இருக்கு. சரி, அய்யா சொல்றபடி ஒரு மறைவான காரணம் இருக்குன்னே வெச்சுக்குவோம். புகைக்கறவங்களுக்குப் புற்றுநோய் ஒன்பது மடங்கு. சிகரெட்டுக்கு இதில் பங்கே இல்லைன்னா, அந்த மறைவான சமாச்சாரம் புகைக்கறவங்க கிட்ட மற்றவங்களைவிடக் குறைஞ்சது ஒன்பது மடங்கு அதிகமா இருக்கணும். புகைக்காதவங்களில் நூத்துக்குப் பத்து பேர்கிட்ட அது இருந்தா, புகைக்கறவங்களில் நூத்துக்குத் தொண்ணூறு பேர்கிட்ட இருக்கணும். பதினஞ்சு பேர்கிட்ட இருந்தா? நூத்துக்கு நூத்து முப்பத்தஞ்சு! கடையை மூட வேண்டியதுதான். இவ்வளவு பெரிய காரணம் ஒண்ணு உலாத்திக்கிட்டிருந்தா அது இவ்வளவு நாள் யார் கண்ணுலயும் படாம இருக்குமா, படலைன்னா எங்கே, காட்டுங்க பார்ப்போம்.

"ரெண்டும் சேர்ந்து நடக்கறதால மட்டும் காரணம் ஆகிடாது"ங்கற வாக்கியத்தை ஒருத்தர் சொன்னா, அடுத்த கேள்வி இதுதான்: அப்போ வேற எது, அது எவ்வளவு பெருசா இருக்கணும்? சந்தேகப்படறவருக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கணும். ஃபிஷர் அந்த வேலையைச் செய்யலை.

1962 மார்ச்சில் லண்டன் மருத்துவர்கள் கல்லூரி 'புகைபிடித்தலும் ஆரோக்கியமும்' அறிக்கையை வெளியிட்டது. அதே வருஷம் ஜூலை 29-ல் ஃபிஷர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இறந்தார், குடல் புற்றுநோய். 1964 ஜனவரி 11-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரியோட அறிக்கை. பங்குச் சந்தை ஆடிடும்னு சனிக்கிழமையாப் பார்த்து வெளியிட்டாங்க. 1965 ஆகஸ்டில் பிரிட்டனில் டிவி சிகரெட் விளம்பரத்துக்குத் தடை. முதல் கட்டுரைக்கும் இதுக்கும் நடுவில் பதினஞ்சு வருஷம்.

மரபணு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2008 ஏப்ரலில் மூணு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் பதினஞ்சாவது குரோமோசோமில் ஒரு இடத்தைக் காட்டினாங்க. நிகோடின் வந்து ஒட்டற புரதத்துக்கான இடம். அங்கே ஒரு மாறுபாடு இருக்கறவங்க கூடுதலா புகைக்கறாங்க, புற்றுநோயும் கூடுதலா வருது. ஃபிஷர் சொன்னது இருக்கு! ஆனா எவ்வளவு கூடுது? ஒரு பிரதிக்கு முப்பது சதவீதம் மாதிரி. ஒன்பது மடங்கு எங்கே, முப்பது சதவீதம் எங்கே. கார்ன்ஃபீல்டு கேட்ட அளவுக்குப் பக்கத்துலகூட வரலை.

டாலைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், இல்லைன்னா ஹீரோ-வில்லன் படம் ஆயிடும். அவர் 2005-ல் இறந்த பிறகு, மான்சாண்டோ ரசாயனக் கம்பெனிக்கு அவர் பல வருஷம் ஆலோசகரா இருந்ததும், 1980களில் நாளைக்கு 1,500 டாலர் வாங்கினதும் வெளியில் வந்துச்சு. ரசாயனங்களைப் பத்தி அவர் சொன்ன கருத்துகளை அதுக்கப்புறம் பலர் சந்தேகத்தோட பார்த்தாங்க, பார்க்கவும் வேணும். சிகரெட் கணக்கு தப்பிச்சது அவர் நல்லவர்ங்கறதால இல்லை; வேற வேற நாட்டில் வேற வேற ஆட்கள் எண்ணியும் அதே பதில் வந்ததால.

டாக்டர்கள் ஆய்வு நிக்கவே இல்லை. இளைஞரா இருந்த ரிச்சர்ட் பீட்டோ டாலோட சேர்ந்துக்கிட்டார். 2004 ஜூனில் அம்பது வருஷக் கணக்கு வந்தப்ப டாலுக்கு 91 வயசு. விடாம சிகரெட் பிடிச்சவங்களுக்கு ஆயுசில் சராசரியா பத்து வருஷம் நஷ்டம். 60 வயசில் நிறுத்தினா மூணு வருஷம் திரும்பக் கிடைக்குது, 50-ல் ஆறு, 40-ல் ஒன்பது, 30-ல் ஏறக்குறைய பத்தும். (எனக்கு இன்னும் முப்பது ஆகலை. டீம்ல புகைக்கற பசங்களுக்கு இந்த நாலு எண்ணையும் மட்டும் அனுப்பி வெச்சேன். ஒருத்தன் "முப்பதுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு மச்சி"ன்னு பதில் போட்டான்.)

ஆனா இங்கிலாந்து டாக்டரை எண்ணி விழுப்புரம் விவசாயிக்குப் பலன் சொல்ல முடியுமா? பீட்டோவுக்கு இந்தக் கேள்வி இருந்தது. நம்ம ஊர்ல சாவுக்கணக்கே சரியா கிடையாது. ஆஸ்பத்திரியில் செத்தாத்தான் ஒரு காரணம் எழுதுவாங்க. அதுலயும் "இதயம் நின்றது"ன்னு இருக்கும். நிக்காம யார் செத்திருக்கா? கிராமத்தில் வீட்டிலேயே போயிட்டா "வயசாயிடுச்சு"ன்னு முடிஞ்சது. பதிவேடு வெச்சிருக்கற டாக்டர்களை எண்ணின முறை இங்கே பைசாவுக்குப் பிரயோஜனப்படாது.

சென்னையில் டாக்டர் கஜலட்சுமி வேற வழி பிடிச்சார். சாவு பதிவான வீடுகளுக்கு ஆள் அனுப்பறது. போனவங்க டாக்டர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த பட்டதாரிகள். இறந்தவருக்குக் கடைசியில் என்ன செஞ்சது, எத்தனை நாள் இருமல், சளியில் ரத்தம் வந்ததா, உடம்பு இளைச்சதா, என்ன மருந்து சாப்பிட்டார்னு வீட்டுக்காரங்க சொல்றதை அவங்க வார்த்தையிலேயே அரைப் பக்கத்துக்கு எழுதிக்கிட்டு வரணும். அதைப் படிச்சுட்டு டாக்டர்கள் காரணத்தைத் தீர்மானிப்பாங்க. வாய்மொழிப் பிரேதப் பரிசோதனைன்னு இதுக்குப் பேர். சென்னையிலும் விழுப்புரம் மாவட்ட கிராமங்களிலும் சேர்த்து 80,000 சாவுகளுக்கு இப்படி எழுதினாங்க. எண்பதாயிரம் வீட்டுத் திண்ணை. டேட்டா சேகரிக்கறதுன்னா ஏ.பி.ஐ.யில் ஒரு வரி எழுதி இழுக்கற எங்க கூட்டத்துக்கு இது புரியறது கொஞ்சம் கஷ்டம்.

அதிலிருந்து 43,000 ஆண்களோட சாவையும், உயிரோட இருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு கஜலட்சுமி, பீட்டோ, இன்னும் சிலர் 2003 ஆகஸ்டில் லான்செட் பத்திரிகையில் எழுதினாங்க. இங்கிலாந்து கதையை எதிர்பார்த்துப் படிக்க ஆரம்பிச்சா நுரையீரல் புற்றுநோய் தலைப்புச் செய்தியா இருக்கணும். இல்லை. இங்கே புகை கொல்றது காசத்தை வெச்சு. புகைக்கறவர் காசத்தால் சாகற வாய்ப்பு புகைக்காதவரைப்போல நாலு மடங்குக்கும் மேல. சென்னையிலும் அப்படித்தான், கிராமத்திலும் அப்படித்தான்; சிகரெட்டும் அப்படித்தான், பீடியும் அப்படித்தான். இந்தியாவில் காசத்தால் சாகற ஆண்களில் பாதிப் பேர் சாவுக்குப் புகை ஒரு காரணம்னு அவங்க கணக்கு முடிஞ்சது.

நம்மில் ஏராளமானவங்க நெஞ்சில் காசக் கிருமி சும்மா தூங்கிக்கிட்டிருக்கும். பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு முழுக்க அது எழுந்திருக்காது. புகை அதை எழுப்பி விடுது. இங்கிலாந்தில் கிருமி குறைஞ்சுபோன காலத்தில் எண்ணினதால அங்கே அது சின்ன வரியாப் போச்சு. அந்த அட்டவணையை அப்படியே காப்பி அடிச்சிருந்தா நமக்கும் அது சின்ன வரிதான்.

இதைப் படிச்சுட்டு ஊர்ல பாட்டிக்கு போன் போட்டேன். அம்மாவோட அப்பா, திண்டிவனம் பக்கம், நான் பிறக்கறதுக்கு முன்னாடியே காசத்தில் போனவர்.

"தாத்தா பீடி குடிப்பாரா பாட்டி?"

"குடிப்பாரு. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. ஏன்டா கேக்கற?"

"இல்ல, அவர் போனதுக்கு அதுவும் ஒரு காரணமோன்னு..."

"அதெல்லாம் இல்லடா. அவரு செத்தது காசத்துல. பீடி என்ன பண்ணும்? இருமும்போது ஒரு இழுப்பு இழுத்தாத்தான் அவருக்கு மூச்சே வரும்."

ஃபிஷரோட முதல் வாதம் அப்படியே! நோய்னால புகை, புகையினால நோய் இல்லை. பாட்டிக்கு நேச்சர் பத்திரிகை படிக்கற பழக்கம் கிடையாது. :-) வீட்டுக்கு யாராவது வந்து கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்களான்னும் விசாரிச்சேன். இல்லை, யாரும் வரலையாம்.

இந்தக் கேள்விக்கும் அந்தக் கட்டுரையில் பதில் தேடியிருக்காங்க. சென்னையில் உயிரோட இருக்கற ரெண்டரை லட்சம் ஆண்கள்கிட்ட தனியாக் கேட்டதில், புகைக்கறவங்களில் முன்னே காசம் வந்ததாச் சொன்னவங்க மூணு மடங்கு. அதாவது, வந்த காசத்தை மோசமாக்கறது மட்டும் இல்லை, வர வைக்கறதிலேயே புகைக்குப் பங்கு இருக்கு.

சட்டம் பக்கம் பார்த்தா, சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம் 2003-லேயே வந்தது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல், அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சரா இருந்தப்ப. பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் 2009 மே 31 முதல். அதை 85 சதவீத அளவுக்குப் பெருசாக்கினது 2016 ஏப்ரலில். இதெல்லாம் ஒரு பக்கம் நடந்தது. காச ஆஸ்பத்திரிப் பக்கம் வேற இலாகா, வேற ஃபைல். மாத்திரை வாங்க வர்றவரிடம் பீடி குடிப்பியான்னு கேட்டு, விடறதுக்கு உதவி செய்யணும், புகையை விட வர்றவரிடம் ரெண்டு வாரமா இருமல் இருக்கான்னு கேட்கணும்னு ரெண்டு திட்டத்தையும் சேர்த்து மத்திய அரசு வழிமுறை போட்டது 2017-ல். லான்செட் கட்டுரை வந்து பதினாலு வருஷம் கழிச்சு.